ஒரு சொல்லுக்கு எத்தனை அசை? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்புக் கல்லடியில் பின்னேரங்களில் தமிழ் ரியூசன் சொல்லிக்கொடுக்கிறேன். சாதாரணதரப் பிள்ளைகளும் உயர்தரப் பிள்ளைகளும் கலந்து இருப்பார்கள். கலியாண வாழ்த்துப்பா எழுத ஆசைப்பட்டு வரும் பெரியவர்களும் இடைக்கிடை வருவார்கள். இவர்கள் மாறி மாறிக் கேட்கும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதிவைக்கிறேன். உதாரணங்கள் பெரும்பாலும் எங்கள் பக்கத்து ஊர்ப்பெயர்கள்தான். வாயில் ஏற்கெனவே புழங்கும் சொல்லை எண்ணிப் பழகுவது சுலபம்.

"மலர்" என்ற சொல்லில் அசை ஒன்றா, இரண்டா?

இந்தக் கேள்வியோடுதான் படுவான்கரையிலிருந்து வரும் ஒரு பிள்ளை ஒருநாள் வந்து நின்றாள். ஆங்கிலப் பாடத்தில் ரீச்சர் கைதட்டி எண்ணச் சொன்னாராம். "ம", "லர்" என்று இரண்டு தட்டு வந்ததாம். அடுத்த பாடம் தமிழ் இலக்கியம். அதே சொல்லை அங்கே "நிரையசை, ஒன்று" என்று கரும்பலகையில் எழுதினார்களாம். "சேர், ரெண்டு ரீச்சர்மாரும் ரெண்டு கணக்குச் சொல்றாங்க. ஆர் சொல்றது சரி?"

இரண்டு பேரும் சரி. "அசை" என்ற ஒரே பெயரை நாம் இரண்டு வேறு அலகுகளுக்கு வைத்துவிட்டோம். மொழியியலில் அசை என்பது ஓர் உயிரொலியை நடுவில் வைத்து ஒரே மூச்சுத் தள்ளலில் பிறக்கும் ஒலித்துண்டு. யாப்பிலக்கணத்தில் அசை என்பது, பாட்டின் அடியில் வரிசையாக நிற்கும் சீரைக் கட்டும் செங்கல். அதற்குள் ஒரு உயிரும் இருக்கலாம், இரண்டு உயிரும் இருக்கலாம். முதலாவதின்படி மலர் இரண்டு, இரண்டாவதின்படி ஒன்று.

இந்தப் பக்கத்தில் முதலாவதை "உயிரசை" என்றும் இரண்டாவதை "யாப்பசை" என்றும் சொல்கிறேன். வகுப்பில் நான் பாவிக்கும் பெயர்கள் இவை.

உயிரசையை எண்ணச் சுருக்கு வழி உண்டா?

உண்டு. சொல்லை எழுதுங்கள். புள்ளி வைத்த எழுத்துகளையும் ஆய்தத்தையும் விட்டுவிடுங்கள். மிச்சம் எத்தனையோ அத்தனை உயிரசை.

மட்டக்களப்பு: ம, ட், ட, க், க, ள, ப், பு. எழுத்து எட்டு, அதில் புள்ளி மூன்று. ஆகவே உயிரசை 5. ஆங்கிலம் படிக்கும் பிள்ளை இதற்குப் படும் பாடு தமிழ்ப் பிள்ளைக்கு இல்லை. நம் எழுத்து முறையே உயிர் எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்பதைப் புள்ளியால் காட்டிவிடுகிறது.

எழுதத் தெரியாத சின்னப் பிள்ளைக்கு என்றால், புறங்கையை நாடிக்குக் கீழே ஒட்டிவைத்துச் சொல்லை மெதுவாகச் சொல்லச் சொல்லுங்கள். ஒவ்வோர் உயிருக்கும் நாடி கீழே இறங்கிக் கையில் முட்டும். "அஃது" என்று சொல்லிப் பாருங்கள், இரண்டு முறைதான் முட்டும்.

அப்படியானால் ஓரசைச்சொல், ஈரசைச்சொல் என்று எப்படி வகைப்படுத்துவது?

மொழியியலில் உயிரசை எண்ணிக்கையை வைத்து ஓரசை, ஈரசை, மூவசை, பல்லசை என்று பிரிப்பார்கள். பூ, கை, நெல், மீன், பால் எல்லாம் ஓரசை. வாவி, தோணி, வட்டை, தயிர், இறால் ஈரசை. போடியார், கல்லடி, ஏறாவூர் மூவசை. அதற்கு மேல் போனால் பல்லசை என்று ஒரே கூடையில் போடுவது வழக்கம். வாழைச்சேனைக்கு நான்கு, அக்கரைப்பற்றுக்கு ஐந்து, களுவாஞ்சிக்குடிக்கு ஆறு.

மட்டக்களப்பு வாவிக்கு இந்தக் கரை எழுவான்கரை, அந்தக் கரை படுவான்கரை. இரண்டையும் எண்ணிப் பாருங்கள்: எ-ழு-வான்-க-ரை, ப-டு-வான்-க-ரை. ஐந்துக்கு ஐந்து. யாப்பசையிலும் எழு/வான்/கரை, படு/வான்/கரை என்று அச்சு ஒன்றுதான். சூரியன் எழும் பக்கம், படும் பக்கம் என்று பெயர் வைத்தவர்கள் காதால் நிறுத்துப் பார்த்துத்தான் வைத்தார்களோ என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

தமிழ் இலக்கணம் சொற்களை இப்படி எண்ணிப் பிரித்திருக்கிறதா?

பிரித்திருக்கிறது, ஆனால் எண்ணியது எழுத்தை. தொல்காப்பியம் மொழிமரபில் ஓரெழுத்தொருமொழி, ஈரெழுத்தொருமொழி, இரண்டுக்கு மேற்பட்ட எழுத்தால் வரும் தொடர்மொழி என்று மூன்றே வகை சொல்கிறது. நன்னூல் இன்னும் கணக்குப்பிள்ளைத்தனமாகப் போகிறது. பகாப்பதம் (பிரிக்க முடியாத சொல்) ஏழு எழுத்துவரை, பகுபதம் (பிரிக்கக்கூடிய சொல்) ஒன்பது எழுத்துவரை வரும் என்கிறது. ஏழுக்கு வழக்கமாகக் காட்டும் உதாரணம் உத்திரட்டாதி. ஒன்பதுக்கு உத்திரட்டாதியான்.

உத்திரட்டாதியை நான் வகுப்பில் விடவே மாட்டேன். ஒரே சொல்லில் மூன்று கணக்கும் தெரியும். எழுத்தாக எண்ணினால் உ, த், தி, ர, ட், டா, தி என்று 7. உயிரசையாக உத்-தி-ரட்-டா-தி என்று 5. யாப்பசையாக உத்/திரட்/டா/தி என்று 4. "இந்தச் சொல் எத்தனை?" என்று யாராவது கேட்டால், "எதில் எத்தனை?" என்று திருப்பிக் கேட்கப் பழகுங்கள்.

ஓரெழுத்து ஒருமொழி 42 என்கிறார்களே, அவைதான் ஓரசைச்சொற்களா?

இல்லை. நன்னூல் சொல்லும் 42 என்பது ஒரே எழுத்தாலான சொற்கள்: ஆ, ஈ, கா, தீ, பூ, மா, வை போன்ற நெடில் 40, அதோடு நொ, து என்ற குறில் இரண்டு. இவை எல்லாம் ஓரசைச்சொற்கள்தாம். ஆனால் ஓரசைச்சொற்கள் இவற்றோடு முடியவில்லை. கண், கல், நெல், வாழ் எல்லாம் இரண்டு எழுத்து, ஒரே உயிர். திராவிட மொழிகளின் வேர்ச்சொற்கள் அடிப்படையில் ஓரசையே என்பது மொழியியலாளரின் கருத்து. பின்னொட்டு ஏற ஏறத்தான் நம் சொற்கள் இரயில் பெட்டி மாதிரி நீள்கின்றன.

யாப்பசையை எப்படிப் பிரிப்பது? நேர், நிரை எனக்கு மண்டையில் ஏறவில்லை.

ஏறும். முதல் எழுத்தைப் பாருங்கள். நெடில் என்றால் அது தனியே நின்று நேரசை. குறில் என்றால் அடுத்த எழுத்தைப் பாருங்கள். அடுத்தது புள்ளி எழுத்து என்றாலோ எழுத்தே இல்லை என்றாலோ அந்தக் குறிலும் நேரசை. அடுத்தது புள்ளியில்லாத எழுத்து என்றால், அது குறிலோ நெடிலோ, இரண்டையும் சேர்த்து நிரையசை ஆக்குங்கள். எந்த அசையானாலும் பின்னால் வரும் புள்ளியெழுத்துகளை அதுவே விழுங்கிக்கொள்ளும். அவ்வளவுதான்.

குறில் மட்டுமே துணை தேடும், நெடில் தேடாது. அதனால் வாவி என்பது வா/வி, நேர் நேர். வயல் என்பது ஒரே நிரை. இரண்டுக்கும் உயிரசை இரண்டுதான்.

இந்த அசைகள் சேர்ந்தால் சீர். ஒவ்வொரு சேர்க்கைக்கும் வாய்பாடு என்று ஒரு பெயர் உண்டு: நேர் நேர் தேமா, நிரை நேர் புளிமா, நேர் நிரை கூவிளம், நிரை நிரை கருவிளம். மூன்றாவதாக நேர் சேர்ந்தால் காய், நிரை சேர்ந்தால் கனி. நான்கு அசையும் வரலாம், ஆனால் அது அரிது.

எங்கள் ஊர்ப்பெயர்கள் என்ன சீர்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. கல்முனை, பொத்துவில், நிந்தவூர், வாகரை, கல்லடி எல்லாம் கூவிளம். உயிரசையும் எல்லாவற்றுக்கும் மூன்று. அம்பாறையும் ஏறாவூரும் தேமாங்காய். அவற்றுக்கும் உயிரசை மூன்றுதான், ஆனால் யாப்பசையும் மூன்று, ஏனென்றால் அவற்றில் எல்லாமே நேர். பொத்துவிலையும் அம்பாறையையும் அடுத்தடுத்துச் சொல்லிப் பாருங்கள். பொத்துவில் ஓடும், அம்பாறை நடக்கும்.

திருக்கோவில் புளிமாங்காய். செங்கலடி கூவிளங்காய். காத்தான்குடி, சம்மாந்துறை, பாசிக்குடா, தாழங்குடா நான்கும் தேமாங்கனி. ஒன்று தொழுகைக்கும் வியாபாரத்துக்கும் பேர்போனது, ஒன்று நெல்லுக்கு, ஒன்று கடற்கரைக்கு, ஒன்று மீனவர் கிராமம். யாப்புக்கு நான்கும் ஒரு தாய்ப் பிள்ளைகள்.

கொக்கட்டிச்சோலை ஒரே சீருக்குள் அடங்காது. கொக்/கட்/டிச்/சோ/லை, ஐந்தும் நேர். தான்தோன்றீஸ்வரரைப் பாட வருகிறவர்கள் "கொக்கட்டிச் சோலை" என்று இரண்டு சீராக்கிவிட வேண்டியதுதான். அப்போது தேமாங்காயும் தேமாவும் கிடைக்கும், காயை அடுத்து நேர் வருவதால் வெண்பாவுக்கும் தோதாக அமையும்.

என் ஊர்ப்பெயரை வெண்பாவில் வைத்தால் பிழை என்கிறார்களே, ஏன்?

எனக்கே நடந்தது. இருபத்திரண்டு வயதில், தாழங்குடாவில் நடந்த ஒரு கலியாணத்துக்கு வாழ்த்து வெண்பா எழுதினேன். மாப்பிள்ளையின் ஊரைப் பாட்டுக்கு நட்டநடுவில் "தாழங்குடா" என்று ஒரு சீராக வைத்தேன். அச்சடித்துப் பிரேம் போட்டாயிற்று. பந்தலில் இருந்த, கூத்துப் பழக்கும் வயதான அண்ணாவியார் ஒருவர் அதை வாங்கி, வாய்க்குள் பாடிக்கொண்டே தொடையில் விரலால் தட்டினார். "தாழங்குடா" வந்ததும் விரல் நின்றது. "மனே, எல்லாம் நல்லாத்தான் இருக்கு. இதில மட்டும் கால் தடக்குது." அவருக்குக் கனிச்சீர் என்ற பெயர் தெரியாது. வெண்பாவில் கனிச்சீர் வராது என்ற விதியும் தெரியாது. ஐம்பது வருசம் மத்தளத்தோடு கூத்தாடிய விரலுக்குத் தெரிந்திருந்தது. எனக்கு விதி தெரிந்திருந்தும் கண்ணில் படவில்லை.

திருத்தம் சுலபம். ஊரைக் கடைசிக்குக் கொண்டுபோக வேண்டும். வெண்பாவின் ஈற்றுச்சீர் நாள் (நேர்), மலர் (நிரை), காசு (நேரோடு உகரம்), பிறப்பு (நிரையோடு உகரம்) என்ற நான்கு வாய்பாட்டில் ஒன்றாக முடியும். "தாழங் குடா" என்று பிரித்தால் தாழங் தேமா, குடா மலர். மாவுக்குப் பின் நிரை வருவதால் தளையும், அதாவது சீரும் சீரும் இணையும் கட்டும், சரி. "வாழுமூர் தாழங் குடா" என்று முடித்திருந்தால் எதுகையும் கிடைத்திருக்கும். பிரேம் போட்டதைக் கழற்றவா முடியும்?

தேமாங்கனி ஊர்கள் நான்குக்கும் இதே வைத்தியம்: காத்தான் குடி, சம்மாந் துறை, பாசிக் குடா. அக்கரைப் பற்று முடிவில் நின்றால் காசு. மட்டக் களப்பு முடிவில் நின்றால் பிறப்பு. ஒரு குறள் வெண்பா எழுதிக் காட்டுகிறேன்:

பாடுமீன் கேட்கப் படகேறி வந்தவர்கள்
தேடுமூர் மட்டக் களப்பு

பாடுமீன் கூவிளம், கேட்கப் தேமா, படகேறி புளிமாங்காய், வந்தவர்கள் கூவிளங்காய், தேடுமூர் கூவிளம், மட்டக் தேமா, களப்பு பிறப்பு. விளத்துக்கும் காய்க்கும் பிறகு நேர், மாவுக்குப் பிறகு நிரை, தவறவில்லை. கவிதையாகப் பார்த்தால் சுமார்தான். சீர் பிரித்துப் பழகப் போதும்.

வாழைச்சேனைக்காரர் கோபிக்க வேண்டாம். "வாழைச் சேனை" என்று பிரித்தால் மாவுக்குப் பின் நேர் வந்து தளை கெடும். "வாழைச்சே னைக்கடல்" என்று வகையுளி செய்துதான், அதாவது சொல்லை இடையில் வெட்டி அடுத்த சீரோடு சேர்த்துத்தான், உள்ளே கொண்டுவரலாம்.

களுவாஞ்சிக்குடியா, களுவாஞ்சிகுடியா? ஒரு புள்ளி என்ன பெரிய விசயம்?

உயிரசைக்கு ஒன்றும் இல்லை. க் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஆறுதான். யாப்பசைக்கு அந்தப் புள்ளி பெரிய விசயம். க் இருந்தால் களு/வாஞ்/சிக்/குடி: நிரை நேர் நேர் நிரை. க் இல்லாவிட்டால் களு/வாஞ்/சிகு/டி: நிரை நேர் நிரை நேர். முதலாவதைக் "களுவாஞ் சிக்குடி" என்று இரண்டாகப் பிரித்தால் மாவுக்குப் பின் நேர் வந்து, வெண்பாவுக்குரிய தளையான வெண்டளை உடையும். இரண்டாவதைக் "களுவாஞ் சிகுடி" என்று பிரித்தால் புளிமாவும் புளிமாவுமாகச் சிக்கலில்லாமல் போகும். ஊரில் இரண்டு எழுத்தும் நடைமுறையில் உண்டு. வெண்பா எழுதுகிறவர் எதை எடுப்பார் என்று சொல்லத் தேவையில்லை.

காரைதீவு நாலசையா, மூவசையா?

விபுலாநந்த அடிகள் 1892இல் பிறந்த ஊர் என்பதால் அம்பாறை மாவட்டத்துப் பிள்ளைகள் இதை அடிக்கடி எடுத்து எழுதுவார்கள், அடிக்கடி பிழைவிடுவார்கள். ஐகாரம் நெடில் என்று படித்திருப்பதால் கா/ரை/தீ/வு என்று நான்காக வெட்டுவார்கள். ஐகாரம் சொல்லின் முதலில் நின்றால் யாப்பில் நெடில். நடுவிலும் கடைசியிலும் குறுகி ஒரு மாத்திரையாகி, குறில் போல நடக்கும். அதுதான் ஐகாரக்குறுக்கம். எனவே ரை தனியே நிற்காது, தீயோடு சேரும்: கா/ரைதீ/வு, கூவிளங்காய், மூவசை. ஆரையம்பதியும் அப்படித்தான்: ஆ/ரையம்/பதி, கூவிளங்கனி.

மொழியியல் கணக்குக்கு இந்தக் குறுக்கம் ஒரு பொருட்டில்லை. காரைதீவு 4, ஆரையம்பதி 5.

குற்றியலுகரம் அரை மாத்திரைதானே, அதை ஓர் அசையாக எண்ணலாமா?

எண்ணலாம். உயிரசைக்கு உயிர் இருக்கிறதா என்பதுதான் கேள்வி, எவ்வளவு நேரம் என்பது கேள்வியில்லை. காடு இரண்டு, நண்டு இரண்டு. ஆனால் அடுத்த சொல் உயிரில் தொடங்கினால் இந்த உகரம் ஓடிவிடும். காடு, அழகு தனித்தனியே 2, 3. சேர்ந்தால் "காடழகு": 4 மட்டும். பாட்டை எண்ணும்போது சொற்களைப் பிரித்து எண்ணிக் கூட்டினால் கணக்கு உதைப்பது இதனால்தான்.

புள்ளியை விட்டு எண்ணுவது வெள்ளைக்காரன் சொன்ன முறையா?

இல்லவே இல்லை. தொல்காப்பியம் செய்யுளியல் அடிகளை எழுத்தெண்ணிப் பிரிக்கிறது. 4 முதல் 6 எழுத்துவரை குறளடி, 7 முதல் 9 சிந்தடி, 10 முதல் 14 நேரடி, 15 முதல் 17 நெடிலடி, 18 முதல் 20 கழிநெடிலடி. அப்படி எண்ணும்போது "உயிரில் எழுத்தும் எண்ணப் படாஅ" என்று நிபந்தனை போடுகிறது. உயிர் இல்லாத எழுத்துக்கு இயக்கம் இல்லை என்று காரணமும் சொல்கிறது. இன்றைய மொழியியல் பாடநூலில் அசைக்கு உயிர்தான் உச்சி என்று எழுதியிருப்பதும் இதுவும் ஒன்றேதான். ஆக உயிரசை நமக்குப் பழைய சரக்கு. அதற்கு அசை என்று பெயர் வைக்கவில்லை, எழுத்து என்றே சொல்லிவிட்டோம். குழப்பத்தின் வேர் அங்கே.

இந்தக் கணக்கு செத்துப்போகவும் இல்லை. கட்டளைக் கலித்துறை என்ற பாவகையில் ஓர் அடி நேரசையில் தொடங்கினால் ஒற்று நீக்கி 16 எழுத்து, நிரையசையில் தொடங்கினால் 17. அபிராமி அந்தாதியின் முதற்பாட்டு:

உதிக்கின்ற செங்கதிர் உச்சித் திலகம் உணர்வுடையோர்

புள்ளிகளை விட்டு எண்ணுங்கள்: 4, 3, 2, 3, 5. மொத்தம் 17. "உதிக்" நிரை. கந்தரலங்காரத்தில்:

நாளென் செயும்வினை தானென் செயுமெனை நாடிவந்த

2, 4, 2, 4, 4. மொத்தம் 16. "நா" நேர்.

புலவர்கள் விரல்விட்டு எண்ணினார்களா என்று ஒரு மாணவன் கேட்டான். எண்ணத் தேவையில்லை. அடிக்கு ஐந்து சீர், கடைசிச் சீர் விளங்காய், அதற்கு முந்திய நான்கில் விளங்காய் வராது, சீர்களுக்கிடையே வெண்டளை. இவ்வளவும் தவறாமல் இருந்தால் எண் தானாக வரும். பாருங்கள்: நேரில் தொடங்கும் விளத்துக்கு உயிரசை 3, மாங்காய்க்கு 3. தேமாவுக்கு 2தான், ஆனால் அதற்கு அடுத்த சீர் நிரையில் தொடங்க வேண்டியிருப்பதால் அங்கே ஒன்று கூடிவிடும். எப்படிப் போனாலும் சீருக்கு மூன்று. நான்கு சீருக்கு 12, கடைசிக் கூவிளங்காய்க்கு 4, ஆக 16. தொடக்கமே நிரை என்றால் இன்னும் ஒன்று. இதைக் கரும்பலகையில் போட்டுக் காட்டிய அன்று, கணிதப் பிரிவுப் பிள்ளை ஒன்று தமிழை முதல்முறையாக மரியாதையோடு பார்த்தது.

ஆராரோ, ஆரிரரோ: இதில் எண்ணிக்கை ஒன்றாக இல்லையே, எப்படி ஒரே தாளத்தில் பாடுகிறோம்?

ஆராரோ உயிரசை 3. ஆரிரரோ உயிரசை 4. ஆனால் மாத்திரை எண்ணிப் பாருங்கள். ஆ, ரா, ரோ மூன்றும் நெடில்: 6. ஆ இரண்டு, ரி ஒன்று, ர ஒன்று, ரோ இரண்டு: அதுவும் 6. யாப்பசை ஆ/ரா/ரோ, ஆ/ரிர/ரோ: இரண்டும் மூவசை, இரண்டும் காய். நடுவில் ஒரு நெடில் இருந்த இடத்தில் இரண்டு குறில் குந்தியிருக்கிறது, ஏணை ஆடும் நேரம் மாறவில்லை. குறிலிணையை யாப்பு ஏன் ஒரே அசையாகக் கட்டியது என்பதற்கு எங்கள் உம்மாமாரும் அம்மாமாரும் தரும் விளக்கம் இது.

கூத்தின் தாளக்கட்டிலும் கர்நாடக இசையின் சொற்கட்டிலும் இதே சங்கதிதான். "தகிட" மூன்று, "தகதிமி" நான்கு. எல்லாம் குறிலாக இருப்பதால் அங்கே உயிரசை எண்ணிக்கையும் மாத்திரை எண்ணிக்கையும் ஒன்றாகிவிடுகின்றன.

வயல் வட்டையில் பாடும் நாட்டார் கவிகளில் எழுத்துக் கணக்குப் பார்க்கவே கூடாது. குறைந்த இடத்தைக் குரல் நீட்டி நிரப்பும். "மீன்பாடும் தேன்நாடு" என்று நம் மட்டக்களப்பைச் சொல்கிறோமே, அது மட்டும் ஒரு விநோதம். மீன்/பா/டும் தேன்/நா/டு: உயிரசையும் ஆறு, யாப்பசையும் ஆறு, எல்லாம் நேர், எல்லாம் காய்.

ஹைக்கூ என்றால் 5-7-5 அசை கட்டாயமா?

ஜப்பானில் எண்ணுவது உயிரசையை அல்ல, மாத்திரைக்குக் கிட்டத்தட்டச் சமமான ஓர் அலகை. ஓசாகா என்ற ஊர் உயிரசைப்படி மூன்று. அவர்கள் கணக்கில் முதல் நெடில் இரண்டாக எண்ணப்பட்டு நான்கு. அசையின் கடைசியில் வரும் ன் ஒலிக்கும் அவர்கள் முழு ஒன்று கொடுப்பார்கள். நாம் ஒற்றுக்கு அரைதான் கொடுக்கிறோம். எனவே தமிழில் 5-7-5 உயிரசை வைத்தால் ஜப்பானியரின் அளவு வராது. பெரும்பாலான தமிழ் ஹைக்கூக் கவிஞர்கள் மூன்று வரி என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அது புத்திசாலித்தனம் என்றே நினைக்கிறேன்.

ஆங்கிலக் கவிதையில்?

அங்கே எண்ணிக்கையோடு அழுத்தமும் வேண்டும். அவர்களின் பேர்போன பத்து அசை அடியில் அழுத்தம் ஐந்து இடத்தில், ஒன்றுவிட்டு ஒன்றாக விழும். தமிழில் சொல்லழுத்தம் அப்படிப் பொருளை மாற்றுவதில்லை, குறில் நெடில்தான் மாற்றும். அதனால் நம் யாப்பு நீளத்தைப் பிடித்துக்கொண்டது.

ஆங்கிலச் சொல் தமிழ் வாயில் வந்தால் அசை கூடுமா?

கூடும். தமிழ்ச் சொல் இரண்டு மெய்யோடு தொடங்காது. அதனால் ஒட்டிய மெய்களுக்கு நடுவே ஓர் உயிரைச் செருகுகிறோம். கிளாஸ் ஆங்கிலத்தில் ஓரசை, நமக்கு இரண்டு. பிலிம் அப்படியே. பிளேன்ரீ அவர்களுக்கு இரண்டு, நமக்குப் பி-ளேன்-ரீ என்று மூன்று. பழைய ஆட்கள் ஸ்கூலை "இஸ்கூல்" என்பார்கள். அதைக் கேட்டுச் சிரிக்கும் பிள்ளைகள், தாங்கள் பிளேன்ரீ குடிப்பதைக் கவனிப்பதில்லை.

பேச்சில் அசை குறைகிறதே?

இரண்டு என்பது ரெண்டு ஆகும்போது மூன்று இரண்டாகிறது. வந்துவிட்டேன் நான்கு, வந்திட்டன் மூன்று. அடிக்கடி சொல்லும் சொல் தேயும். எந்த மொழியிலும் அதிகம் புழங்கும் சொற்கள் குட்டையாக இருக்கும் போக்கு உண்டு. அதற்காக ஊர்ப்பேச்சு எல்லாம் சுருக்கம் என்று நினைக்க வேண்டாம். நாங்கள் "பிறகு" என்பதற்குச் சொல்லும் "மறுகா", உயிரசையிலும் சரி, யாப்பசையிலும் சரி, பிறகுக்குச் சமம். இரண்டும் மூன்று, இரண்டும் புளிமா.

நீளமான சொல் அதிகம் இருந்தால் வாசிக்கக் கடினம் என்று ஒரு சூத்திரம் இருக்கிறதாமே?

ருடால்ஃப் ஃபிளெஷ் 1948இல் வெளியிட்டது. வசனத்துக்கு எத்தனை சொல், சொல்லுக்கு எத்தனை அசை என்ற இரண்டு சராசரிகளை வைத்து ஆங்கிலப் பந்தி எவ்வளவு எளிது என்று மதிப்பெண் போடும். அதைத் தமிழுக்கு அப்படியே மாட்டக்கூடாது. "போகமுடியாதவர்களுக்காக" என்பதில் 11 உயிரசை. ஆங்கிலச் சூத்திரம் பயந்துவிடும். ஆனால் ஏழாம் ஆண்டுப் பிள்ளை அதைத் தடக்காமல் வாசிக்கும், ஏனென்றால் பெட்டி பெட்டியாகக் கோத்த சொல் அது. எங்கள் பிள்ளைகளைத் தடக்க வைப்பது பழக்கமில்லாத குட்டைச் சொற்கள்தாம். "நொ" என்றால் என்னவென்று கேட்டுப் பாருங்கள்.

கணினியால் எண்ண முடியுமா?

உயிரசைக்கு நான்கு வரி நிரல் போதும். ஒருங்குறியில் புள்ளிக்குத் தனி இடம் உண்டு. தனி உயிரெழுத்துகளையும் மெய்க்குறிகளையும் (க, ச, த போன்ற அடியெழுத்துகள்) கூட்டி, புள்ளிகளைக் கழித்தால் விடை. ஆய்தத்துக்குப் புள்ளிக்குறி கிடையாது, ஆகவே அதைக் கணக்கில் சேர்க்காமல் விட நிரலுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். சீர், தளை பார்க்க "அவலோகிதம்" என்ற மென்பொருள் இணையத்தில் இருக்கிறது. வாழ்த்துப்பாவைப் பிரேம் போட முன்பு அதில் ஒருக்காப் போட்டுப் பாருங்கள்.

சோதனையில் வெறுமனே "அசை பிரித்து எழுதுக" என்று வந்தால்?

தமிழ் இலக்கண வினாத்தாள் என்றால் யாப்பசை: சாய்கோடு போட்டு, நேர், நிரை என்று கீழே எழுதி, வாய்பாடும் கொடுங்கள். மொழியியல் பாடம் என்றால் உயிரசை: இடையில் சிறுகோடு போட்டு எண்ணை எழுதுங்கள். வினா எந்தப் பக்கம் சாய்கிறது என்று பிடிபடாவிட்டால், "யாப்பசையாக" என்று ஒரு சொல்லை முன்னால் எழுதிவிட்டுப் பிரியுங்கள். திருத்துகிறவருக்கு நீங்கள் எதை எண்ணினீர்கள் என்று தெரிந்துவிடும்.